பொன் தெளித்த இலை

சும்மா கிடைத்த பொருளை இந்தக் காலத்தில் யாரும் மதிப்பதில்லை. காசு போட்டு வாங்கிய பிளாஸ்டிக் குடத்தைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். சும்மா கொடுத்த செடியை வாசலில் குத்திவிட்டு, அது இருக்கிறதா செத்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால் ஷிஃப்டு என்பார்கள், ஓ.டி. என்பார்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற என்ன ஷிஃப்டு வேண்டிக் கிடக்கிறது.

யாராவது அடித்தோ மிரட்டியோ சொல்லச் சொன்னார்களா என்று மாஜிஸ்திரேட் ஐயா கேட்டீர்கள். இல்லை. ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை அதிகம். என் பேர் நாகப்பன். வயது அறுபத்தெட்டு. மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. மண்ணூருக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம், ஓட்டு வீடு. நான் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பேனா பிடித்தவர்கள் நடுவில் தங்கள் சரக்கையும் சேர்த்துவிடுவார்கள். பத்திரம் எழுதுகிறவர்களிடம் பட்டவன் நான்.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். மரம் புரியாவிட்டால் மற்றது புரியாது.

ஏரிக்கரையில் தானாக முளைக்குமே, பிட்டுப் பார்த்தால் பூச்சி பறக்குமே, அந்த அத்தி இல்லை. இது சீமை அத்தி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத் சந்தையில் சைக்கிளில் நாற்று கட்டி விற்கிற ஒரு பாய் இருந்தார். பொழுது சாயும் நேரம், விற்காமல் ஒரே ஒரு போத்து மிச்சம். போத்து என்றால் நடுவதற்கு நறுக்கிய குச்சி. "எத்துக்கினு போ பெரியவரே, துட்டு வாணாம். காஞ்சா அடுப்புக்கு ஆவும்" என்று என் கூடையில் போட்டார். அதுதான் இன்றைக்கு என் கிணற்றடியில் இரண்டு ஆள் உயரம் நிற்கிறது.

அந்த மரத்து இலைக்கு ஓர் அழகு உண்டு. பச்சைக்கு நடுவில் அங்கங்கே மஞ்சள் தெரியும். வெயில் பட்டால் பொன் தெளித்த மாதிரி இருக்கும். வேறு எந்த மரத்திலும் அதை நான் பார்த்ததில்லை. அது அதன் ராசி என்று வைத்துக்கொண்டேன்.

தை மாதம் இலை உதிரும்போது போத்து வெட்டுவேன். சுண்டு விரல் கனம், நான்கு கணு. வெட்டினால் பால் வடியும், கையில் பட்டால் அரிக்கும். ஒரு நாள் நிழலில் போட்டுப் பால் காய்ந்த பிறகு சாய்வாக நடவேண்டும். மேல் நுனியில் சாணி உருண்டை வைக்கவேண்டும். தண்ணீர் கூடினால் அழுகும், குறைந்தால் காயும். நான் நட்டால் பத்துக்கு ஒன்பது பிழைக்கும். எங்கள் ஊரில் பன்னிரண்டு வீட்டில் சீமை அத்தி இருந்தது. பன்னிரண்டும் என் மரத்துப் போத்து, பன்னிரண்டும் என் கையால் நட்டது. ஒரு பைசா வாங்கியதில்லை. இரண்டே நிபந்தனை. என்னைக் கேட்காமல் அதிலிருந்து யாருக்கும் வெட்டிக் கொடுக்கக் கூடாது. வெளிப் போத்து எதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பேன். வீட்டில் ஆள் இல்லை என்றாலும் படலைத் திறந்துகொண்டு போய்ப் பார்ப்பேன். என் மரம்தானே.

வெண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுபத்திரண்டில் அரை ஏக்கர் வெண்டை போட்டேன். நாற்பதாம் நாள் ஒரு மூலையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் ஓடியது. தேமல் நோய். விவசாயத்துக்கு யோசனை சொல்ல அப்போது இருந்த கிராம சேவக் வரப்பில் நின்று சொன்னார்: "நாகப்பா, கண்டா புடுங்கு, புடுங்குனா எரி. பாவம் பாக்காத." நான் பாவம் பார்த்தேன். பூ விட்ட செடியாயிற்றே என்று விட்டுவிட்டேன். பத்தே நாளில் அரை ஏக்கரும் மஞ்சள். அந்த வருஷம் என் மனைவி அம்சவல்லியின் மூக்குத்தி போனது. மூன்றாம் வகுப்பில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. இந்த ஒரு பாடம்தான் நிற்கிறது. கண்டால் பிடுங்கு. பிடுங்கினால் எரி. பாவம் பார்க்காதே.

தாவீது வந்தது எண்பத்தெட்டில். தெற்கே நாசரேத் பக்கத்துப் பையன். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். ராஜாமணி தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு ரூமை அவனுக்கு வாடகைக்கு விட்டான். நல்ல பையன்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். என்னைப் பாட்டா என்பான், அவன் ஊரில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என் மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அத்தியா பாட்டா? எங்க வேதத்துல வர்ற மரம்லா இது. நான் இப்பத்தான் கண்ணால பாக்கேன்."

அவனுக்கும் ஒரு போத்து கொடுத்தேன். பதின்மூன்றாவது. என் கையால்தான் நட்டேன். நிபந்தனை இரண்டையும் சொன்னேன். தலையை ஆட்டினான். மரம் நன்றாக வந்தது. மாட்டெரு வாங்கிப் போடுவான், ஷிஃப்டு முடிந்து வந்ததும் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றுவான். அந்த மட்டில் மற்றவர்களைவிட அவன் மேல்.

இந்த வருஷம் சித்திரையில் அவன் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். இலையில் மஞ்சள் திட்டு. ஓரம் துருப் பிடித்த மாதிரி. கொழுந்து சுருண்டிருந்தது. வெண்டை வயல்தான் கண்ணில் வந்தது.

"தேமல்டா இது. புடுங்கி எரிச்சிடு."

"மரம் சாகலயே பாட்டா. காச்சிருக்கு பாருங்க. எரு வச்சா தாங்கிக்கிடும். சீக்கு வந்தா மனுசன் பொழைக்கல்லியா?"

மனுஷன் வேறு, மரம் வேறு என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முதல் தடவை.

பிறகு மற்ற வீடுகளைப் போய்ப் பார்த்தேன். தேடினால் எல்லாவற்றிலும் ஓர் இலையாவது இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இல்லாத நோய் இப்போது எங்கிருந்து வரும்? வெளியிலிருந்துதான் வரும். வெளியிலிருந்து வந்தவன் யார்? இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஊருக்குப் போய்வரும்போது வேறு எதையோ பையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். கேட்டால் இல்லை என்றான். திருடியவன் ஆமாம் என்றா சொல்வான்?

நான் செய்யவேண்டியதைச் செய்தேன். ஆட்கள் கம்பெனி பஸ் ஏறின பிறகு கடப்பாரையும் கோடாலியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான் நட்டது, நான் பிடுங்குகிறேன். சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னப்பையன் என்று ஒருவன், பேர்தான் அப்படி, நாற்பது வயது, வழி மறித்தான். கோடாலியைத் திருப்பிப் பிடித்து முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். இப்போதும் இழுத்துத்தான் நடக்கிறான் என்கிறார்கள். கோடி வீட்டு மருமகள், வெட்டாதே மாமா என்று மரத்தின் மேல் கையை வைத்தாள். கோடாலி ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரல். கோடாலி இறங்கும்போது கை வைக்கக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வழுக்கி விழுந்து அரிவாள்மணையில் பட்டது என்று அந்த வீட்டார் ஆஸ்பத்திரியில் சொன்னதாகக் கேள்வி. மாமனார் முறை என்பதால் விட்டார்கள். முறை தெரிந்தவர்கள்.

ராஜாமணியின் ஆடு பிடுங்கிய இலையைத் தின்றது. அதை அங்கேயே அடித்துப் போட்டேன். வயிற்றோடு நோய் எங்கெங்கே போகுமோ.

பன்னிரண்டு மரத்தையும் ஏரிக்குப் பின்னால் இருக்கிற பழைய காளவாயில் போட்டு எரித்தேன். செங்கல் சுட்டுக்கொண்டிருந்த இடம், இரண்டு வருஷமாக நெருப்புப் போடாமல் கிடந்தது. மூன்று பக்கம் சுவர், காற்று நன்றாக வாங்கும்.

ஒரு நாள் சோறு போடும்போது அம்சவல்லி சொன்னாள்: "ஊர் மரத்தெல்லாம் வெட்டிக்கினு திரியிறியே, உன் மரத்துலயும்தான்யா மஞ்சா கீது. அத்த இன்னா பண்ணப்போற?" நாற்பத்தைந்து வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவள். பொன்னுக்கும் தேமலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. தாடை வீங்கியிருந்தது, பேசவும் முடியாது.

தாவீதின் மரத்தை மட்டும் நான் தொடவில்லை. அதைக் கவனிக்கவேண்டும் ஐயா. அவனாகவே பிடுங்கட்டும் என்று பொறுத்தேன். ஆடியில் இரண்டாம் தடவை போய்ச் சொன்னேன். கோபம் வந்தாலும் அவன் மரியாதை விடவில்லை.

"எம்பொஞ்சாதிக்கு இது ஒம்பதாம் மாசம் பாட்டா. பிள்ளயத் தூக்கிட்டு இங்கதான் வருவா. அவ வரும்போது மரத்துல பழம் இருக்கணும்னு வச்சிருக்கேன். இத வெட்டச் சொல்லாதீங்க."

அன்றைக்குத்தான் ராஜாமணி இன்னொரு விஷயம் சொன்னான். சொல்லும்போது சிரித்தான் வேறு. "உனக்குத் தெரியாதா நாகப்பண்ணே? உன் அத்தி ஒரகடம், வாலாஜாபாத் வரைக்கும் பூட்ச்சே. கம்பெனி பஸ்ல கட்டுக் கட்டா எத்துக்கினு போறான். கேக்கறவனுக்கெல்லாம் ஓசி."

ஐயா, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஒரு வயல் போனதற்கே ஒரு மூக்குத்தி. இவன் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறான். நேராகப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். யாருக்குக் கொடுத்தது, எந்த ஊர், தழைத்ததா இல்லையா, எல்லாம் எழுதி வைத்திருந்தான். முப்பத்தெட்டுப் பேர்.

"சும்மா வாங்குனத சும்மாதான குடுக்கணும் பாட்டா. ஒங்க மரந்தான் எல்லா ஊர்லயும் நிக்கி. ஒங்களுக்குப் பெருமதான?"

நோட்டைக் கொடு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். "அவங்க வீட்டுக்கும் கோடாலியத் தூக்கிட்டுப் போவீங்க. தரமாட்டேன்" என்றான். அது மூன்றாம் தடவை.

மூன்று தடவை சொல்லியாயிற்று. பிறகு நான் யோசித்தேன். மரத்தைப் பிடுங்கலாம். கொடுக்கிற கை இருக்கிறதே? இன்றைக்கு முப்பத்தெட்டு, அடுத்த தையில் எழுபது. நோய் மரத்தில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? கிராம சேவக் வெண்டையைப் பற்றித்தான் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பாடம் என்றால் எல்லா இடத்துக்கும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் அது என்ன பாடம்?

ஆவணி மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கோபத்தில் செய்தேன் என்று யாராவது வக்கீல் சொல்வார். அப்படி இல்லை. அதற்கு முந்தின ஐந்து நாளாகக் காளவாயில் விறகு அடுக்கினேன். வேலிக்காத்தான் கட்டை மூன்று வண்டி, பனை ஓலை ஒரு வண்டி. ரேஷன் மண்ணெண்ணெய் இரண்டு மாதமாக அடுப்புக்குத் தராமல் எடுத்து வைத்திருந்தேன். அம்சவல்லி சுள்ளி ஊதி ஊதி இருமினாள்.

முதல் ஷிஃப்டு முடிந்து மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் மண்ணூர் கூட்டுரோட்டில் இறக்கிவிடும். கடப்பாரையும் ஒரு சாக்குமாக அங்கேயே நின்றேன். வெயில் நன்றாக இருந்தது. "தாவீது, நீ சொன்னதுதான் சரின்னு படுது. காளவாயாண்ட சாம்பல் குமிஞ்சி கீது. உன் மரத்துக்கு நல்ல உரம். இந்தா சாக்கு, எடுத்துக்கினு வா, அள்ளித் தரேன்" என்றேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கடப்பாரையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான், பெரியவர் தூக்கவேண்டாம் என்று. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். பெண் பிறந்தால் ஒரு பேர், ஆண் பிறந்தால் ஒரு பேர் வைத்திருந்தான். எனக்கு மறந்துவிட்டது.

காளவாயில் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து சாக்கை விரித்தான். விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்து, "செங்கல் சுடப் போறாங்களா பாட்டா?" என்றான். நான் கடப்பாரையை எடுத்துக் கழுத்துக்கு மேலே போட்டேன். முதல் அடி சரியாக விழவில்லை. வயதாகிவிட்டது, கை வாகு இல்லை. திரும்பிப் பார்த்தான். அவன் கேட்க நினைத்தது என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் மூன்று தடவை பதில் சொல்லியாயிற்று. இரண்டாவது அடி நெற்றியில். மூன்றாவதும் நான்காவதும் அவன் கீழே விழுந்த பிறகு. வேரை விட்டுவிட்டு மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், அதனால்.

சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, அவனை விறகின் மேல் ஏற்றினேன். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் ஒன்று கேட்டார், அங்கே நான் பதில் சொல்லவில்லை. உண்மை சொல்லத்தானே வந்திருக்கிறேன், இங்கே சொல்கிறேன். நெருப்பு வைக்கும்போது மூச்சு இருந்தது. வாயில் ஏதோ சத்தமும் வந்தது. பிடுங்கிய செடியிலும் ஒரு பொழுது பச்சை இருக்கும். காயட்டும் என்று காத்திருந்தால் அதிலிருக்கும் வெள்ளை ஈ நோயோடு அடுத்த செடிக்குப் பறந்துவிடும். சேவக் அதையும் சொல்லியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் வரை எரிந்தது. அதற்குள் அவன் மரத்தையும் பிடுங்கிக் கொண்டுவந்து மேலே போட்டேன். ஏழு பழம் இருந்தது. அதையும் போட்டேன்.

யாரும் தேடவில்லை. வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து வாடகைக்கு இருக்கிற வெளியூர் ஆட்களின் பேரையெல்லாம் போலீஸ் எழுதிக்கொண்டு போயிருந்தது. "பயந்துகினு ஊருக்கு ஓடிட்டான் போல" என்றேன். ராஜாமணி நம்பினான். நான்காம் நாள் தாவீதுக்குத் தந்தி வந்தது. ராஜாமணி வெளியே போயிருந்தான், நான்தான் வாங்கினேன். தமிழில் இல்லை, படிக்கத் தெரியவில்லை. மடித்து ஓட்டில் செருகி வைத்தேன். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று இருந்ததாக இன்ஸ்பெக்டர் படித்துச் சொன்னார். நலம் என்றால் நல்லதுதான். அந்தப் பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்?

நோட்டு தமிழில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பேர் ஒரகடத்தில். கோடாலியோடு போய்ச் சொன்னேன். எனக்கு எதற்கப்பா வம்பு என்று அவரே மரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டாமவரும் அப்படியே. நல்ல மனிதர்கள். அவர்களை நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யவேண்டிய தேவை வரவில்லை. மூன்றாவது, வாலாஜாபாத்தில் பாபு என்று ஒருவன். மரத்தை வெட்டமாட்டேன், தாவீது பிரியமாகக் கொடுத்தது என்றான். முதல் தடவை சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை போனபோது அவன் கொடுத்த புகாரில் வந்த போலீஸ் ஜீப் வீட்டு வாசலில் நின்றது.

அந்த வாரம் காளவாயின் சொந்தக்காரன் திரும்பச் செங்கல் போடலாம் என்று சாம்பலை வாரியிருக்கிறான். கம்பெனியில் கொடுக்கிற பூட்ஸுக்குள், கால் விரலுக்கு மேலே இரும்புத் தொப்பி வைத்திருப்பார்களாம். அது எரியாது. இரண்டு தொப்பி கிடைத்தது. பூட்ஸைக் கழற்றியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. நான் கம்பெனிக்குப் போனவன் இல்லை.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். வேறு யாரும் கூட இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலையில் இடத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள். சாட்சிக்கு விவசாய ஆபீசிலிருந்து சத்யபாமா என்று ஓர் அம்மா வந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் தெருக்காரப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். காளவாயைப் பார்த்தபோது அவர் வாயைத் துணியால் மூடிக்கொண்டார். பிறகு கடப்பாரையை எடுக்க என் கிணற்றடிக்கு வந்தோம். அங்கே என் மரத்தடியில் நின்றுவிட்டார். ஓர் இலையைப் பறித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"பெரியவரே, இந்த மஞ்சள் எப்போலேர்ந்து இருக்கு?"

"வந்த நாள்லேர்ந்து."

"இதுதாங்க தேமல். போத்து வாங்கறச்சேயே கூட வந்திருக்கு. நீங்க யார் யாருக்குக் குடுத்தீங்களோ, அங்கெல்லாம் இங்கேர்ந்துதான் போயிருக்கு. மருந்து கிடையாது. ஆனா மரம் சாகாது. எருவும் தண்ணியும் குறையாம பாத்துண்டா காய்க்கும். அந்தப் பையன் பண்ணினதுதான் சரி."

என் கையைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் சிரித்தான். "இன்னா பெருசு, உன் கணக்குப்படி மொதல்ல இத்தத்தான புடுங்கி எரிச்சிருக்கணும்?"

நான் அந்த இலையை வாங்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் பார்த்தேன். பச்சைக்கு நடுவில் மஞ்சள். ஓரத்தில் துரு மாதிரி கொஞ்சம் இருந்தது, அது வெயிலில் கருகியது. இருபத்திரண்டு வருஷமாக இந்த மரத்தின் பக்கத்தில் படுத்து எழுந்தவன் நான். நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட முடியாது.

அவன் மரத்தில் இருந்தது தேமல். என் மரத்தில் இருப்பது வேறு.

இலையை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தேன். அம்சவல்லி கதவோரம் நின்றிருந்தாள். தைக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது, போத்து வெட்டும்போது பால் நன்றாகக் காயட்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஜீப்பைப் பார்த்து நடந்தேன்.